தண்ணீரைப் பங்கிட்டவர்களும் பங்கில்லாதவர்களும்



வேளாண்மைக்கு இவ்வளவு, ஆலைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று தண்ணீரைப் பிரிப்பதை இன்று நீர் மேலாண்மை என்கிறார்கள். பிரிக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே நம் கேள்வி. வட தமிழகத்தின் வரலாற்றிலிருந்து அதைக் கேட்போம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் குடவோலை முறையைச் சொல்வோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் இருக்கிறது. வாரியத்துக்கு வருபவருக்குக் கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். நிலமில்லாத உழைப்பாளியின் பெயர் அந்தக் குடத்துக்குள் போக வழியே இல்லை.

ஏரியை நடத்தியவர் வேறொருவர். செங்கற்பட்டு, வட ஆர்க்காடு ஊர்களில் அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவர். மழைக்காலத்தில் இரவு முழுக்கக் கரையைச் சுற்றி வருவார். மதகைத் திறப்பதும் அடைப்பதும், தலைமடைக்கும் கடைமடைக்கும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும் அவர் வேலை. ஏரியில் இருக்கும் தண்ணீர் எத்தனை நனைப்புக்குத் தாங்கும் என்பதைப் பார்வையாலே சொல்வார். கூலி, அறுவடையில் களத்து நெல். ஊராரின் வயலுக்கு நியாயமாகத் தண்ணீர் பிரித்தவருக்குப் பாய்ச்சிக்கொள்ளச் சொந்த வயல் இருந்ததில்லை. இருந்தாலும் அது துண்டு நிலம்தான்.

குடியாட்சி இதை மாற்றியதா? தமிழ்நாட்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உருவாக்கியது. உறுப்பினர் யார்? ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். வேதத் தகுதி போய்விட்டது. நிலத் தகுதி அப்படியே நிற்கிறது.

இனி ஆலைக்கு வருவோம். 1987இன் தேசிய நீர்க் கொள்கை குடிநீரை முதலிலும், பாசனத்தை அடுத்தும், தொழிலைக் கடைசியிலும் வைத்தது. பாலாற்றங்கரையில் நடந்தது தலைகீழ். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதையும் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. நாம் வரவேற்கும் தீர்ப்பு அது. ஆனால் ஹெக்டேர் என்ற அளவுகோலில், அந்த நிலத்தில் நடவு நட்டும் களை பறித்தும் பிழைத்தவரின் இழப்பு எங்கே ஏறும்? பதனிடும் தொட்டிக்குள் நின்றவரின் தோல் எந்தக் கணக்கில் வரும்?

வீட்டுத் தண்ணீரின் கதை நமக்குத் தெரியும். மகாடு நகராட்சி 1924இலேயே சவுதார் குளத்தைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடத் தீர்மானித்தது. தீர்மானம் தாளில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்த நீரைப் பருகினார். உயர் நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்ய 1937 ஆயிற்று. 2022 டிசம்பரில் வேங்கைவயலில், தலித் குடும்பங்களுக்கான மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழாய் வந்துவிட்டால் சாதி போய்விடும் என்று நம்புவோருக்கு வேங்கைவயலே பதில்.

சவுதார் குளத்தில் நீர் பருகிய அம்பேத்கர்தான் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்னெடுத்தார். வெள்ளத்தடுப்பு, பாசனம், மின்சாரம், போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரே ஆற்றுப் படுகையின் கணக்காகப் பார்த்தார். ஒரு குவளை நீரின் உரிமையும் ஒரு நதியின் திட்டமும் அவருக்கு ஒரே அரசியல்.

அந்த அரசியலை நாம் இப்படித் தொடர வேண்டும். தண்ணீர்ச் சபைகளில் நிலமற்ற வேளாண் தொழிலாளருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், வாக்கும் பதவியும் வேண்டும். நீர்க்கட்டிக்கு அரசு ஊதியம் வேண்டும். ஆலைக்கு நீர் ஒதுக்கும் முன் சேரியின் கிணற்றையும் சோதிக்க வேண்டும். தண்ணீர் உரிமையை நில உரிமையிலிருந்து பிரித்தாக வேண்டும். உத்திரமேரூர்க் குடத்தில் விழாத ஓலைகள் இனியாவது விழட்டும்.