மலைக்கடியில் ஒரு கதை: ஆக்லாந்தும் மாரிஸ் கீயும்

டொரன்டோவில் இருப்பவர்களுக்கு இது சனிக்கிழமைக் காலை, சிங்கப்பூரில் இரவுச் சாப்பாட்டு நேரம், இங்கே ஆக்லாந்தில் ஞாயிறு பிறந்து ஒரு மணி நேரம் ஆகிறது. மாலை டியூட்டி முடிந்து வந்து சீருடையை மட்டும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கொட்டாவி விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர்களுக்கான முதல் மாயப் புனைவு நாவலைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இந்தப் பேச்சு என் மகனிடமிருந்து தொடங்கியது. அவனுக்கு 12 வயது. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், அதனால் நானே வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் பழைய மந்திரக் கதை ஒன்றை எடுத்து, "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று ஆரம்பித்தேன். "எந்த ஊர்ல?" என்றான். "ஏதோ ஒரு ஊர்ல, கதையைக் கேளு" என்றேன். "ஊர் பேர் தெரியாத கதையை எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதற்கு முந்தைய வாரம்தான் அவன் ஒரு புத்தகத்தை முடித்திருந்தான். முடித்த கையோடு என்னை டாக்கபுனாவுக்கு இழுத்துக்கொண்டு போய், புப்புக்கே ஏரிக்கரையில் நிறுத்தி, எதிர்க்கரை வீடுகளில் எது அந்த வீடாக இருக்கும் என்று தேடினான். அந்த ஏரியை ஒட்டி ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. என் கண்ணுக்கு அதுதான் தெரிந்தது. அவனுக்கு, மனித உருவம் எடுத்து ஒளிந்து வாழும் வேற்றுக்கிரகப் பிராணிகள் தெரிந்தன.

புத்தகத்தின் பெயர் 'அண்டர் த மவுண்டன்'. எழுதியவர் மாரிஸ் கீ. 1979இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. கீ 1931இல் பிறந்தவர், ஆக்லாந்துக்கு மேற்கே ஹெண்டர்சனில் வளர்ந்தவர். ஆசிரியராகவும் நூலகராகவும் வேலை பார்த்தார். முதல் நாவல் 1962இல் வந்தது. 1978இல் வந்த 'பிளம்ப்' அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. அது அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தாவை மனத்தில் வைத்து எழுதியது. அந்தத் தாத்தா ஜேம்ஸ் சாப்பிள், பிரெஸ்பிட்டீரியன் போதகராக இருந்து சபையை விட்டு வெளியேறியவர். முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காக 1918இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைக்கும் போனார். சபை வளாகத்துக்குள்ளேயே வளர்ந்த என்னைப் போன்றவளுக்கு அந்த நாவல் லேசான வாசிப்பில்லை.

அப்படிப்பட்ட நாவலை எழுதிய மறு வருடம், ஐம்பதை நெருங்கும் வயதில், மனிதர் முதன்முதலாகக் குழந்தைகளுக்காக எழுத உட்கார்ந்தார். எழுதியது மாயப் புனைவு. ரேச்சல், தியோ என்று செம்பட்டை முடி இரட்டையர். மூன்று வயதில் காட்டில் தொலைந்து போனபோது திரு. ஜோன்ஸ் என்கிற ஒரு விசித்திரக் கிழவர் அவர்களைக் கண்டுபிடிக்கிறார். பதினோரு வயதில் விடுமுறைக்கு ஆக்லாந்திலுள்ள சித்தப்பா வீட்டுக்கு வருகிறார்கள். ஏரிக்கரையில் வில்பர்ஃபோர்ஸ் என்று ஒரு குடும்பம். மனிதர்களைப் போல இருந்தாலும் உண்மையில் சேற்றில் ஊரும் அட்டை மாதிரிப் பிராணிகள். பூமியையே சேறாக்குவது அவற்றின் திட்டம். அவற்றின் ராட்சதர்கள் ஆக்லாந்தின் எரிமலைகளுக்கு அடியில் தூங்குகிறார்கள். அவர்களை அழிக்க இரண்டு கற்கள் இந்தப் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன.

சுருக்கமாகச் சொன்னால் அம்புலிமாமாவில் வரக்கூடிய கதைதான். வித்தியாசம் முகவரியில் இருக்கிறது. அன்றைக்கு நியூசிலாந்துப் பிள்ளைகள் படித்த மாயக் கதைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. அலமாரிக்கு அப்பால் பனி பெய்யும், டிசம்பரில் குளிரும். இங்கே டிசம்பரில் வெயில் மண்டையைப் பிளக்கும். கீ தன் பூதங்களை ரங்கிடோடோவுக்கும் மவுண்ட் ஈடனுக்கும் அடியில் வைத்தார். பள்ளிக்குப் போகிற வழியில் தெரிகிற மலைகள் அவை.

இந்த நகரம் ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. புப்புக்கே ஏரியே ஓர் எரிமலை வாய்தான். எல்லாவற்றிலும் இளையது ரங்கிடோடோ. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எழுந்தது. பக்கத்துத் தீவான மோட்டுடாப்புவில் அந்தச் சாம்பலுக்கு அடியில் மனிதர்களின் காலடித் தடங்களும் நாய்களின் தடங்களும் கிடைத்திருக்கின்றன. மாவோரி மக்கள் அந்த வெடிப்பைப் பார்த்திருக்கிறார்கள், ஆறாத சாம்பலில் நடந்திருக்கிறார்கள். ரங்கிடோடோ என்ற பெயரிலேயே, தே அரவா படகின் தலைவன் டாமா-தே-கப்புவா அங்கே இரத்தம் சிந்திய கதை இருக்கிறது.

எனக்குள்ள ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மலைக்கடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்குக் கதைகளும் இருந்தன. கீ அவற்றைத் தொடாமல் விண்வெளியிலிருந்து ஆட்களை இறக்கினார். அடுத்தவர் கதையை அள்ளக்கூடாது என்ற கூச்சமா, அவர் காலத்து வெள்ளைக்காரர்களின் பார்வைக் குறையா? இரண்டும் கலந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை விடவில்லை. 1981இல் எட்டுப் பகுதித் தொலைக்காட்சித் தொடராக வந்து ஒரு தலைமுறையைப் பயமுறுத்தியது. 2009இல் படமாயிற்று, சாம் நீல்தான் திரு. ஜோன்ஸ். நெடுநாள் நேசிக்கப்பட்ட நூலுக்கான கேலின் கார்டன் விருது 2004இல் கிடைத்தது. கீ 2025 ஜூனில் காலமானார்.

இனி நம் பக்கம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவை நான் எங்கள் வீட்டில் படித்ததில்லை, பக்கத்து வீட்டுத் திண்ணையில் படித்தேன். மந்திரம் மாயம் என்றாலே அப்பாவுக்கு ஆகாது. 'மோட்சப் பிரயாணம்' மட்டும் படிக்கலாம். அதில் அரக்கனும் பேயும் தாராளமாக வருவார்கள், அதற்குத் தடையில்லை! அப்புறம் வாண்டுமாமா. அரிமளத்தில் 1925இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. கோகுலத்திலும் பூந்தளிரிலும் அவர் கொட்டிக் கொடுத்ததைப் படிக்காத பிள்ளைகள் எங்கள் தெருவில் இல்லை. ஜெயமோகனின் 'பனிமனிதன்' சிறுவர்மணியில் தொடராக வந்தது. அது இமயமலைக்குப் போனது. ராஜா கதைகள் ஏழு கடல் தாண்டிப் போயின. எங்கள் ஊருக்கு மட்டும் எந்தப் பூதமும் வரவில்லை.

வராமல் என்ன, வந்தது. ஆனால் அச்சில் வரவில்லை. நாசரேத்துக்கு அந்தப் பக்கம் குதிரைமொழித் தேரி இருக்கிறது. கண்ணுக்கெட்டும் தூரம் செக்கச்செவேலென்ற மணல், நடுநடுவே பனை. ஆடிக் காற்றில் மணல்மேடு ஒரே ராத்திரியில் இடம் மாறும் என்பார் எங்கள் ஆச்சி. அதற்கடியில் ஒரு ஊரே இருக்கிறது, காதை வைத்துக் கேட்டால் மணிச் சத்தம் வரும் என்பார். நானும் என் தம்பியும் காதை வைத்திருக்கிறோம். மணல் சுட்டு அழுததுதான் மிச்சம். ஆச்சி சொன்னதை அன்றே யாராவது எழுதியிருந்தால், என் மகன் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு ஊர்ப் பெயர் இருந்திருக்கும். கீயைப் படித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

இந்த நாட்டில் ஒரு தமிழ் மணியும் உண்டு, பலருக்குத் தெரிந்திருக்கும். வில்லியம் கொலென்சோ என்ற மிஷன் அச்சுக்காரர் 1830களில் வடக்கே மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது உடைந்த கப்பல் மணி. விளிம்பில் பழைய தமிழ் எழுத்து, முகையதீன் பக்சு என்பவருடைய கப்பல் மணி என்று. இன்று வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்படி வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிறுவர் நாவலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா?

மூன்று மாதமாக இரவு டியூட்டி இல்லாத நாட்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் இதுதான் முதல் நாவல். ஒரு பெண் பிள்ளை புப்புக்கே ஏரிக்கரையில் காதை வைத்துக் கேட்கிறாள், தேரிக்காட்டு மணி கேட்கிறது. முதல் அத்தியாயத்தை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை எழுந்து போகவில்லை. முடித்ததும், "அம்மா, அந்த பஸ் ஏரிப் பக்கம் போகாது, நம்பரை மாத்துங்க" என்றான். மாற்றிவிட்டேன்.