தீயணைப்பு வண்டி வரும் வரை



மாசி, பங்குனி வந்தால் நம்ம அன்னூர் வட்டாரத்தில் காற்றும் வெயிலும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களத்தோரம் சோளத்தட்டுப் போர் காய்ந்து நிற்கும். வேலியோரப் புல்லில் ஒரு பீடித்துண்டு விழுந்தால் போதும். அப்படித் தீப்பிடித்தால் முதலில் ஓடி வருவது யார்? பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். கையில் குடம் இருக்கும், காலில் செருப்புகூட இருக்காது. சம்பளம் இல்லை, உடுப்பு இல்லை, எந்தப் பதிவேட்டிலும் பேர் இல்லை. வெளிநாடுகளில் இப்படிப்பட்டவர்களைத் தொண்டர் தீயணைப்புப் படை என்று சொல்லி, பேர் எழுதி, பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் பேர் வைக்காமலேயே அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறோம். அந்த வரலாற்றையும், அந்த வேலைக்கு இன்று வந்திருக்கும் ஒரு பெரிய சிக்கலையும் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன்.

தீயை அணைப்பது ஊரின் கடமை என்ற எண்ணம் மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் இதற்கென்றே விதிகள் உண்டு. வேனிற்காலத்தில் வீட்டுக்கு வெளியில்தான் சமைக்க வேண்டும். வீட்டில் தண்ணீர்க் குடங்கள், ஏணி, கோடாலி, முறம், கொக்கி, தோல் பை ஆகியவை தயாராக இருக்க வேண்டும். எங்காவது தீப்பிடித்து, அதைக் காப்பாற்ற ஓடி வராத வீட்டுக்காரனுக்கு 12 பணம் அபராதம், குடியிருப்பவனுக்கு 6 பணம். அந்தச் சாமான்களின் பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள். குடம், ஏணி, கோடாலி, முறம், எல்லாமே குடியானவன் வீட்டுப் பொருள்கள். தீயணைக்கத் தனிக் கருவி என்று அன்றைக்கு ஒன்றும் கிடையாது. வேலைக்கு வைத்திருந்ததுதான் ஆபத்துக்கும் உதவியது.

நம்ம பக்கத்திலும் அப்படித்தான். ஊருக்குள் சேந்துகிணறு, தோட்டத்தில் கவலை ஓட்டிய கிணறு. தீ என்று சத்தம் கேட்டதும் ஒருவர் கட்டுத்தரைக்கு ஓடி மாட்டை அவிழ்த்து விடுவார். பெண்கள் கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று குடத்தைக் கை மாற்றுவார்கள். ஆண்கள் துரட்டியாலும் கம்பாலும் ஓலையைப் பிடுங்குவார்கள். ஈரச்சாக்கும் பச்சை வேப்பங்கொத்தும் கொண்டு சிலர் தரைத் தீயை அடிப்பார்கள். மண்ணை வாரி எறிவார்கள்.

குடம் வரிசையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடத்தில் 10 லிட்டர், 5 வினாடிக்கு ஒரு குடம் வந்து சேர்கிறது என்றால் நிமிஷத்துக்கு 120 லிட்டர். மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம். ஆள் கட்டும் கைக்கெட்டிய தண்ணீரும் இருந்தால் போதும்.

பழைய காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஓலைக்கூரை வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தால், எரிகிற வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கூரையைத்தான் பிரிக்க வேண்டும். அப்போதுதான் தீ அதோடு நிற்கும். ஆனால் யார் வீட்டுக் கூரையைப் பிரிப்பது? தீ அணைந்த பிறகு, "எரியாத என் வீட்டை எதுக்கப்பா பிரிச்சே?" என்று சண்டை வரும். உதவிக்கு வந்தவன் பஞ்சாயத்தில் கைகட்டி நிற்பான். இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தள்ளி வைக்கப்பட்ட தெருக்களில்தான் ஓலைக் குடிசைகள் மிக நெருக்கமாக இருந்தன. ஊர்க் கிணறு அவர்களுக்குத் தூரம். அந்தக் கிணற்றில் சேந்தும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டம் நாடு முழுவதற்கும் 1955-ம் ஆண்டில்தான் வந்தது. தீ சாதி பார்ப்பதில்லை. தண்ணீருக்குத்தான் நாம் சாதி வைத்திருந்தோம்.

பிறகு காலம் மாறியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தது. ஆலைகளும் மோட்டார் பம்புகளும் பெருகின. கவலை ஓட்டுவது மெல்ல மெல்ல நின்றது. மோட்டார் வந்த புதிதில் தீயணைக்க அது பெரிய உதவி. சுவிட்சைப் போட்டால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், ஓஸ் குழாயை மாட்டினால் போர் வரைக்கும் போகும். ஓலைக்கூரை போய் ஓட்டு வீடும், பிறகு காரை வீடும் வந்ததால் ஊரே எரிந்து போகிற விபத்துகளும் குறைந்தன. இது நல்ல முன்னேற்றம்தான், சந்தேகமில்லை.

ஆனால் தண்ணீர் கீழே கீழே போய்விட்டது. கிணறு வற்றியது, ஆழ்துளைக் கிணறு போட்டோம். 300 அடி, 600 அடி என்று போய், 1000 அடிக்கும் கீழே போட்டவர்கள் நம் வட்டாரத்தில் பலர். சேந்துகிணறுகளில் குப்பை கொட்டினோம், சிலவற்றை மூடினோம். இதனால் தீயணைக்க வருகிறவனுக்கு என்ன சிக்கல் வந்தது என்பதை நான் ஒரு நாள் நேரில் பார்த்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கிராமத்துக்குப் பயிர் பார்க்கப் போயிருந்தேன். மத்தியான நேரம். ஒரு தோட்டத்துச் சாளையை ஒட்டிய தட்டுப்போரில் தீப்பிடித்துக்கொண்டது. கால் மணி நேரத்துக்குள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். மேலே மின்கம்பி போவதால், யாரோ புத்திசாலித்தனமாக டிரான்ஸ்பார்மரில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அது சரியான காரியம். கம்பி அறுந்து விழுந்திருந்தால் உயிர்ச்சேதமே வந்திருக்கும். ஆனால் அதே மின்சாரத்தில்தான் அந்த ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் ஓட வேண்டும். மோட்டார் நின்றது. சின்டெக்ஸ் தொட்டியில் இருந்தது அரைத்தொட்டி. அது ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது. நாற்பது பேரும் வெறுங்குடத்தோடு நின்றார்கள். தோட்டத்துக்காரர் என்னிடம் சொன்னார்: "தண்ணி இருக்குதுங்க ஆபீசர். எடுக்கத்தான் வழியில்லீங்க."

அப்போது ஒரு ஆத்தா, பக்கத்துத் தோட்டத்துப் பழைய கிணற்றில் மழைத்தண்ணீர் கொஞ்சம் கிடப்பதாகச் சொன்னார். படியில் இறங்கி, வரிசை கட்டி, குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. சாளை தப்பியது. போர் முழுவதும் போயிற்று. கட்டுத்தரையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி ஒன்றும் போயிற்று. அவசரத்தில் அதை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. பழைய காலத்தில் முதல் ஆளின் முதல் வேலை அதுதான். ஆள் கூட்டம் இருந்தது, யாருக்கு என்ன வேலை என்கிற பழக்கம் விட்டுப் போயிருந்தது.

"அதுதான் அரசாங்கத்தில் தீயணைப்புத் துறை இருக்கிறதே" என்று கேட்பீர்கள். இருக்கிறது. சென்னை நகரத்தில் 1908-ம் ஆண்டு தொடங்கிய பணி அது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985-ல் வந்தது. இன்று அன்னூரிலேயே தீயணைப்பு நிலையம் இருக்கிறது. 101 என்று போன் செய்தால் புறப்பட்டு வருகிறார்கள். ஆனால் வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும், தார் ரோட்டை விட்டு இட்டேரியில் திரும்பி, நான்கு தோட்டம் தாண்டி உங்கள் சாளையைக் கண்டுபிடித்தாக வேண்டும். காய்ந்த தட்டு அதுவரை காத்திருக்காது. ஆகவே முதல் அரைமணி நேரம் நம் கையில்தான் இருக்கிறது.

தீயணைக்கும் வேலையில் பயிற்சி பெற்றவர்களுக்கே எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிகின்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. அதில் பஞ்சுப் பொதிகளும் இருந்தன, சுமார் 1400 டன் வெடிபொருளும் இருந்தது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். தீயின் மூலத்தை எட்ட முடியவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் நடக்கிறது. பஞ்சோடு பழகிய நம் கொங்கு நாட்டு மக்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பஞ்சுப் பொதியும் தட்டுப்போரும் உள்ளுக்குள்ளேயே கனன்று கொண்டிருக்கும். மேலே நனைந்து அணைந்த மாதிரி தெரியும், நடுராத்திரியில் மறுபடி பிடிக்கும். போரைப் பிரித்துப் பரப்பி நனைத்தால்தான் தீ முழுவதும் சாகும்.

நம் தமிழ்நாட்டில் நடந்தவற்றையும் எண்ணிப் பாருங்கள். 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்துத் தீ ஓலைக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலைக்காட்டில் தீப்பிடித்து, மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அந்த மலைக்கு முதலில் ஏறியவர்கள் அடிவாரத்துக் கிராமத்து மக்கள்தான். கம்பில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, தீக்காயம் பட்டவர்களை இருட்டில் சுமந்து இறக்கினார்கள். அவர்களிடம் கயிறும் போர்வையும் பாதை தெரிந்த காலும் தவிர வேறொன்றும் இல்லை.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தில் 1939 ஜனவரியில் பெருங்காட்டுத் தீ பரவி 71 பேர் இறந்தார்கள். 1944-ல் மறுபடியும் தீ. அதன் பிறகு 1945-ல் கிராமப்புறத் தீயணைப்பு ஆணையம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத கிராமத்து ஆட்கள், நம்மைப் போல விவசாயிகளும் உண்டு. ஆள் ஊருடையது, வண்டியும் பயிற்சியும் அரசாங்கத்துடையது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் 1851-ல் தொடங்கிய தீயணைப்புப் படை இன்றுவரை சம்பளமில்லாத தொண்டர்களாலேயே நடக்கிறது. நம்மிடம் இல்லாதது மனசு அல்ல, ஏற்பாடுதான்.

அந்த ஏற்பாட்டை நாமே தொடங்கலாம். பெரிய செலவு இல்லை.

முதலாவது தண்ணீர். மின்சாரம் இல்லாமல் எடுக்கிற தண்ணீர் ஒவ்வொரு சாளையிலும் இருக்க வேண்டும். ஒரு தரைத்தொட்டி, அடியில் பெரிய வால்வு, கோடை முழுவதும் பாதிக்குக் கீழே இறங்க விடக்கூடாது. ஊர்ச் சேந்துகிணற்றைத் தூர் வாரி, கைப்பிடிச் சுவர் கட்டிக் காப்பாற்றுங்கள். 2024 ஆகஸ்ட்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு - அவினாசித் திட்டம் 1045 குளம் குட்டைகளுக்கானது. உங்கள் ஊர்க் குட்டையில் தண்ணீர் நின்றால், டிராக்டர் டேங்கர் கரைக்கு வந்து போக ஒரு வழி விட்டு வையுங்கள்.

இரண்டாவது ஆள். ஊருக்குப் பத்துப் பேர் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 101-க்குப் போன் செய்வது ஒருவர். ரோட்டு முக்கில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது ஒருவர், ராத்திரியானால் கையில் டார்ச் லைட் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தச் சொல்வது ஒருவர். மாட்டை அவிழ்ப்பது ஒருவர். கூரையைப் பிரிக்க வேண்டி வந்தால் யார் சொல்லிப் பிரிப்பது என்பதையும் ஊர்க் கூட்டத்தில் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பிறகு சண்டை வராது. தீயணைப்பு வாரத்தில் நிலையத்து அதிகாரியை ஊருக்கு அழைத்துச் செய்முறை காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது உடம்பு. உதவிக்கு ஓடுகிறவர் பருத்தி உடுப்பும் செருப்பும் போட்டுக்கொள்ள வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் நின்றது உறுதியாகாமல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கேஸ் சிலிண்டர் இருக்கும் வீட்டுக்குள் துணிச்சல் காட்டி நுழையாதீர்கள். சாளையை இன்னொரு தடவை கட்டலாம். நீங்கள் வீடு திரும்ப வேண்டும்.

நான்காவது, போரை வீட்டை விட்டு ஐம்பது அறுபது அடியாவது தள்ளி, மின்கம்பிக்கு அடியில் இல்லாமல் போடுங்கள். ஈரத் தட்டைப் போர் போடாதீர்கள். ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேறி, தானாகவே புகையத் தொடங்கும்.

அர்த்தசாஸ்திரத்தில் ஓடி வராதவனுக்கு அபராதம். நம் ஊரில் அபராதம் போடாமலேயே ஓடி வருகிறார்கள். அப்படி ஓடி வருகிறவர் வெறுங்குடத்தோடு நிற்கும்படி விட்டுவிடக் கூடாது. இந்த வாரமே உங்கள் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.