பெயர் சொல்லாமல் விலக்கிய சட்டம்

அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கறுப்பினத்தவரை விலக்குவதாக ஒரு வரியும் இல்லை. பெண்களை விலக்குவதாகவும் இல்லை. முதியோர் காப்பீடும் வேலையிழந்தோர் காப்பீடும் எந்தெந்தத் தொழில்களுக்குப் பொருந்தாது என்று மட்டும் ஒரு பட்டியல் இருந்தது. விவசாயக் கூலிவேலையும் பிறர் வீட்டில் செய்யும் வீட்டுவேலையும் அதில் இடம்பெற்றன. அக்காலத்தில் கூலிக்கு உழைத்த கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தனர். ஆண்களையும் சேர்த்துப் பார்த்தால், கறுப்பினத் தொழிலாளரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காப்பீடு கிடைக்கவில்லை.

யாருடைய பெயரையும் சொல்லாத ஒரு விதி, இனத்தாலும் பாலினத்தாலும் இவ்வளவு துல்லியமாக மக்களைப் பிரித்தது எப்படி? அமெரிக்க அரசியல் அறிவியலில் 1990களில் சூடுபிடித்த இந்தக் கேள்விக்கான விடையைத் தேடிய ஆய்வாளர்கள், தலைவர்களின் மனப்போக்கைவிடச் சபைகளின் நடைமுறைகளையே அதிகம் துருவ வேண்டியிருந்தது.

மசோதா சென்ற பாதை

சட்டத்தின் முதல் வரைவை உருவாக்கியது 1934இல் ரூஸ்வெல்ட் அமைத்த பொருளாதாரப் பாதுகாப்புக் குழு. அதன் தலைவர் தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சஸ் பெர்கின்ஸ். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்வோரையும் முதியோர் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பதே இந்தக் குழுவின் பரிந்துரை. ஆனால் 1935 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபையின் வரிவிதிப்புக் குழுவின் முன் சாட்சியமளித்த நிதித்துறைச் செயலர் ஹென்றி மார்கெந்தாவ், சிதறிக் கிடக்கும் பண்ணைகளிலும் வீடுகளிலும் காப்பீட்டு வரியை வசூலிப்பது கடினம் என்று கூறி, அவ்விரு பிரிவினரையும் விட்டுவிடச் சொன்னார். குழு அவ்வாறே செய்தது.

கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி சார்பில் வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் செனட் நிதிக்குழுவின் முன் எதிர்ப்புத் தெரிவித்தார். பெரும்பாலான கறுப்பினத்தவர் விழுந்துவிடும் அளவுக்கு ஓட்டை போட்ட சல்லடை என்று மசோதாவை அவர் வருணித்தார். பயன் ஏதும் இல்லை.

மசோதாவைக் கையில் வைத்திருந்த இரு குழுக்களின் தலைவர்களும் தென்மாநிலத்தவர்கள். வரிவிதிப்புக் குழுத் தலைவர் ராபர்ட் டௌட்டன் வட கரோலினாவைச் சேர்ந்தவர்; செனட் நிதிக்குழுத் தலைவர் பாட் ஹாரிசன் மிசிசிப்பிக்காரர். இது தற்செயல் அல்ல. ஒரு குழுவில் பெரும்பான்மைக் கட்சியின் சார்பில் நீண்ட காலம் இருந்தவரே அதன் தலைவர் என்ற மூப்பு விதி அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸை ஆண்டது. தெற்கில் வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு, வெள்ளையருக்கு மட்டுமேயான கட்சி முதற்கட்டத் தேர்தல் ஆகியவற்றால் கறுப்பினத்தவரின் வாக்குரிமை முடக்கப்பட்டிருந்தது. ஜனநாயகக் கட்சியை எதிர்க்க வலுவான கட்சியும் இல்லை. ஒருமுறை வென்றவர் பல முறை வென்றார். மூப்பு தானாகச் சேர்ந்தது. கேட்பதற்கு நடுநிலையாகத் தோன்றும் மூப்பு விதி, தெற்கின் இனப் பாகுபாட்டை வாஷிங்டனில் குழுத் தலைமையாக மாற்றிக் கொடுத்தது.

அறிஞர்களின் வழக்கு

விலக்குக்குக் காரணம் தெற்கின் இன அரசியலே என்று ஜில் குவாடாக்னோ 1994இலும், ராபர்ட் லீபர்மேன் 1998இலும் வாதிட்டனர். பண்ணையில் குறைந்த கூலிக்கு உழைக்கும் கறுப்பினத்தவருக்கு அரசிடமிருந்து நேரடியாகப் பணம் வந்தால், உழைப்புச் சந்தையில் நிலவுடைமையாளரின் பிடி தளரும் என்பது அவர்கள் காட்டிய உள்நோக்கம். ஐரா காட்ஸ்நெல்சன் 2005இல் வெளியிட்ட நூலில் இந்த வாதத்தைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், போர்வீரர் சலுகைகள் ஆகியவற்றுக்கும் விரித்தார்.

கேரத் டேவிஸும் மார்த்தா டெர்திக்கும் 1997இல் இதை மறுத்தனர். வரி வசூல் சிக்கல் வெறும் சாக்கு அல்ல; வேறு நாடுகளும் காப்பீட்டைத் தொடங்கும்போது இதே தொழில்களை விட்டுவிட்டன; விலக்கப்பட்டவர்களில் எண்ணிக்கையால் பெரும்பாலோர் வெள்ளையரே என்று அவர்கள் சுட்டிக்காட்டினர். யாருடைய மனத்தில் என்ன இருந்தது என்பதில் இரு தரப்பும் இன்னும் ஒன்றுபடவில்லை. விளைவைப் பற்றிக் கருத்து வேறுபாடு குறைவு: நோக்கம் நிர்வாக வசதியாக இருந்தாலும், விலக்கின் பாரம் கறுப்பினத்தவர் மீது, அவர்களிலும் பெண்கள் மீது, அவர்களின் பங்கைவிட அதிகமாக விழுந்தது.

இரண்டு வகைக் குடிமக்கள்

அதே சட்டத்தின் இன்னொரு பகுதி, பெற்றோரில் ஒருவரின் ஆதரவை இழந்த குழந்தைகளுக்கான உதவித் திட்டம். முதியோர் காப்பீட்டை மத்திய அரசு ஒரே அளவுகோலால் நடத்தியது. இந்த உதவியை மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி நடத்தின. 1939 திருத்தம் காப்பீடு பெற்ற தொழிலாளியின் மனைவியையும் விதவையையும் மத்தியக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. கணவன் கைவிட்டவர்களும், மணமாகாத தாய்மார்களும், காப்பீடில்லாத தொழிலாளிகளின் விதவைகளும் மாநில உதவியிலேயே தங்கினர்.

மத்தியத் திட்டங்கள் ஆண்களை ஒரே சீரான உரிமையுள்ள குடிமக்களாக நடத்த, பெண்கள் மாநில அதிகாரிகளின் விசாரணைக்கு விடப்பட்டனர் என்று சுசேன் மெட்லர் 1998இல் எழுதினார். லிண்டா கார்டனும் க்வெண்டலின் மிங்கும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, உதவி பெறும் தாயின் ஒழுக்கத்தை அளக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்திருந்தனர்.

அந்த அளவுகோலுக்கு ஒரு பெயர் இருந்தது: தகுந்த வீடு. திருமணமின்றிக் குழந்தை பெற்றவரின் வீடு தகுதியற்றது என்று கூறி, லூசியானா மாநிலம் 1960இல் 22,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உதவியை நிறுத்தியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். தாயோடு உறவு வைத்திருக்கும் எந்த ஆணையும் மாற்றுத் தந்தையாகக் கருதி உதவியை மறுத்த அலபாமா விதியை உச்ச நீதிமன்றம் 1968இல் ரத்து செய்தது. இங்கும் விதியில் இனத்தின் பெயர் இல்லை. அதைக் கையில் எடுத்த அலுவலகத்தில் இருந்தது.

இரண்டுக்கும் நடுவே

இன ஆய்வும் பெண்ணிய ஆய்வும் நெடுங்காலம் தனித்தனியே நடந்தன. அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண்களில் ஒருவரான ஜுவல் பிரஸ்டேஜ், லூசியானாவின் சதர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, கறுப்பினப் பெண் அரசியலர்களைப் பற்றி 1970களிலேயே எழுதினார். துறையின் மையம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால் என்ன தவறிப்போகிறது என்பதைச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் ஒரு வழக்கைக் கொண்டு விளக்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செயின்ட் லூயிஸ் ஆலை 1964க்கு முன் ஒரு கறுப்பினப் பெண்ணையும் வேலைக்கு எடுக்கவில்லை. பின்னர் பொருளாதார மந்தம் வந்தபோது, பணிமூப்பு குறைந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதிப்படி ஆட்குறைப்பு நடந்தது. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலையிழந்தனர். ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தனர். ஆலை வெள்ளைப் பெண்களை முன்பே எடுத்திருப்பதால் பாலினப் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். இனப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே நடந்துவரும் வேறொரு வழக்கில் சேரலாம். இரண்டையும் இணைத்துப் புதிய உரிமை கோர முடியாது என்று 1976இல் தீர்ப்பளித்தது. பொது விதியொன்று பழைய விலக்கைப் புதிய இழப்பாக மாற்ற, அந்த இழப்பை வகைப்படுத்தவே சட்டத்திடம் இடம் இல்லை. இதை ஊடுவெட்டும் பாகுபாடு என்ற கருத்தாக கிரென்ஷா வகுத்தார். அரசியல் நிறுவனங்களை ஆராய்ந்தவர்களுக்கு அதுவே புதிய கருவியாயிற்று.

குழு இடத்தின் விலை

காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் ஷர்லி சிஷோம். நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து 1968இல் வென்றார். அவருடைய தாய் தையல் வேலையும் வீட்டுவேலையும் செய்தவர். மாநகரத் தொகுதியின் பிரதிநிதியான சிஷோமுக்குச் சபை கொடுத்தது விவசாயக் குழுவில் இடம். புதிய உறுப்பினர்கள் வாய் திறக்காத வழக்கத்தை மீறி அவர் எதிர்த்தார். முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றப்பட்டார். 1971இல் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் பதவிக்குச் சக கறுப்பின உறுப்பினர் ஜான் கான்யர்ஸை விட்டு லூசியானாவின் ஹேல் போக்ஸுக்கு வாக்களித்தார். அதன் பின்னரே அவர் விரும்பிய கல்வி மற்றும் தொழிலாளர் குழு கிடைத்தது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்தக் குழுவின் பொறுப்பு. 1938இல் இயற்றப்பட்ட அச்சட்டத்திலும் வீட்டுவேலை செய்வோர் விலக்கப்பட்டிருந்தனர். அவர்களைச் சேர்க்கும் திருத்தத்துக்காக சிஷோம் வீட்டுவேலைத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து உழைத்தார். முதல் மசோதாவை அதிபர் நிக்சன் 1973இல் நிராகரித்தார். 1974 ஏப்ரலில் இன்னொன்றில் கையெழுத்திட்டார். தெற்கத்திய உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்ட, இனப் பிரிவினைக்குப் பெயர்போன அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் உதவினார் என்று சிஷோமே பின்னர் கூறினார். 1972இல் வாலஸ் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது சிஷோம் நேரில் சென்று பார்த்திருந்தார்.

சபைக்குள் நுழைவது ஒன்று, உரிய குழுவுக்குள் நுழைவது வேறு என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. ஒரு சமூகத்தவர் எத்தனை பேர் சபையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணும் ஆய்வுகள் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டன.

சபையே செய்யும் வேலை

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1971இல் தொடங்கிய அமெரிக்கப் பெண்கள் அரசியல் மையம், 1993 முதல் 1996 வரையிலான இரு காங்கிரஸ் பதவிக்காலங்களின் பெண் உறுப்பினர்களைப் பேட்டி கண்டது. அந்தப் பதிவுகளை வைத்து மேரி ஹாக்ஸ்வொர்த் 2003இல் ஒரு கட்டுரை எழுதினார். பேச்சை வெட்டுதல், முன்மொழிவைப் பொருட்படுத்தாமை, நிபுணத்துவத்தைச் சந்தேகித்தல் போன்றவை வெள்ளையரல்லாத பெண் உறுப்பினர்களுக்குத் திரும்பத் திரும்ப நேர்ந்ததை அவர் கண்டார். கட்சிப் பெரும்பான்மை மாறியபோதும் இது தீரவில்லை. இனமும் பாலினமும் உறுப்பினர்கள் வெளியிலிருந்து சுமந்துவரும் அடையாளங்கள் மட்டுமல்ல. சபை தன் அன்றாட நடைமுறையால் அவற்றை மீண்டும் மீண்டும் உண்டாக்குகிறது என்பது அவருடைய முடிவு.

அவர் எடுத்துக்கொண்ட முக்கிய எடுத்துக்காட்டு 1996ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தம். குழந்தைகளுக்கான 1935 உதவித் திட்டத்தையே அச்சட்டம் ஒழித்து, காலவரம்பும் கட்டாய வேலையும் கொண்ட மாநில மானியமாக மாற்றியது. ஹவாயின் பாட்ஸி மிங்க் உள்ளிட்ட வெள்ளையரல்லாத பெண் உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தும் அவர்களின் மாற்றுத் திட்டங்கள் தள்ளப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே, உறுப்பினர் கூட்டமைப்புகளுக்கான நிதி, அலுவலகம், ஊழியர் வசதிகளைப் புதிய குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை நிறுத்தியிருந்தது. பெண்கள் கூட்டமைப்பும் கறுப்பினத்தவர் கூட்டமைப்பும் ஒரே சமயத்தில் தம் ஊழியர்களை இழந்தன. அந்த விதியும் எல்லா அமைப்புகளுக்கும் பொதுவானதே.

மாநிலங்களுக்குச் சென்ற அதிகாரம் என்ன ஆயிற்று என்பதை ஜோ சாஸ், ரிச்சர்ட் ஃபார்டிங், சான்ஃபோர்ட் ஷ்ராம் ஆகியோர் 2011இல் வெளியிட்ட நூல் ஆராய்ந்தது. உதவி பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு அதிகமாக உள்ள மாநிலங்கள் கடுமையான விதிகளைத் தேர்ந்தெடுக்க முனைந்தன என்பது அதன் கண்டுபிடிப்பு.

மிச்சமிருக்கும் விலக்குகள்

முதியோர் காப்பீடு 1950, 1954 திருத்தங்களால் விவசாயக் கூலிகளிலும் வீட்டுவேலை செய்வோரிலும் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டது. 1974ஆம் ஆண்டின் கூலிச் சட்டமோ முதியோருக்கும் நோயாளிகளுக்கும் வீட்டில் துணையிருப்போரை வெளியே விட்டது. அந்த விலக்கை நிறுவனங்கள் வேலைக்கு அமர்த்தி அனுப்பும் பணியாளருக்கும் நீட்டித்த தொழிலாளர் துறை விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் ஒருமனதாகக் கூறியது. அதே துறை 2013இல் விதியை மாற்றி அவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்தது. 2025 ஜூலையில் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. விவசாயக் கூலிகளுக்கு மிகைநேரக் கூலி தர வேண்டும் என்ற கட்டாயம் மத்தியச் சட்டத்தில் இன்றும் இல்லை. 1935இல் ஒரு குழு அறையில் எழுதப்பட்ட தொழில் பட்டியலின் தடம் இப்படித் துறை விதிகளிலும் தீர்ப்புகளிலும் தொடர்வதால்தான், ஆய்வாளர்கள் உறுப்பினர்களின் எண்ணிக்கையோடு சேர்த்து விதிகளின் வரலாற்றையும் படிக்கிறார்கள்.