ஐமேக் ஜி5: மூன்று திருகுகளின் கதை

2004 ஆகஸ்ட் 31. பாரீஸ் நகரில் ஆப்பிள் எக்ஸ்போ கண்காட்சி. ஸ்டீவ் ஜாப்ஸ் கணையப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்தார். அவருக்குப் பதில் மேடையேறியவர் ஃபில் ஷில்லர். அவர் காட்டிய கணினியில் கணினியையே காணோம்! ஒரு திரை, அதைத் தாங்க ஒரு அலுமினியக் கால், அவ்வளவுதான். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை எல்லாமே திரைக்குப் பின்னால், சுமார் இரண்டு அங்குலத் தடிமனுக்குள் அடங்கியிருந்தன. அதுதான் ஐமேக் ஜி5.

எல்லாரும் அந்த ஒல்லி உடம்பைப் பார்த்து வாய்பிளந்தார்கள். ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியம் அதன் கீழ் விளிம்பில் இருந்த மூன்று திருகுகள். கணினியை ஒரு மெத்தென்ற துணிமேல் குப்புறப் படுக்கவைத்து, அந்த மூன்றையும் தளர்த்தினால் (கழன்று விழுந்து தொலையாது, அங்கேயே நிற்கும்) பின்பக்க மூடி முழுதாகக் கையோடு வந்துவிடும். உள்ளே பவர் சப்ளை கண்ணெதிரே இருக்கும். கெட்டுப்போனால் வாங்கியவரே கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம்.

இதில் என்ன அதிசயம், எங்கள் தெருக்கடைப் பையன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவானே என்று கேட்கலாம். அதிசயம்தான். ஏனென்றால் இதைச் செய்தது ஆப்பிள்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1975-ல் வந்த ஆல்டேர் 8800 கணினிக்குள் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. அந்தக் கால பவர் சப்ளை, தேவைக்கு மேல் இருக்கும் மின்னழுத்தத்தை வெறும் சூடாக எரித்துத் தள்ளும். எடை அதிகம், வெப்பமும் அதிகம். 1977-ல் வந்த ஆப்பிள் 2-க்கு மின்விசிறி கூடாது என்று பிடிவாதம் பிடித்தார் ஜாப்ஸ். அதற்காக ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் வேறு வகைச் சுற்றை அமைத்தார். வீட்டு மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, அதை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துண்டித்துத் துண்டித்துக் கொடுத்தால் மிகச் சிறிய டிரான்ஸ்ஃபார்மரே போதும். சூடும் குறையும். நம்மூர்க் கடைகளில் பவர் சப்ளையை எஸ்எம்பிஎஸ் என்கிறார்களே, அதில் வரும் 'ஸ்விட்ச்டு மோட்' இதுதான்.

ஹோல்ட்டின் சுற்றைத்தான் உலகமே காப்பியடித்தது என்று ஜாப்ஸ் சொல்லியிருப்பது 2011-ல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அது கொஞ்சம் மிகை. வேகமான டிரான்சிஸ்டர்கள் மலிவானதும் ராபர்ட் பாஷர்ட் போன்ற பலர் எழுபதுகளிலேயே இத்தகைய பவர் சப்ளைகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஒன்று உண்மை. ஆப்பிள் 2-இன் மூடியைக் கையாலேயே தூக்கித் திறக்கலாம். இடப்பக்கம் அந்தப் பவர் சப்ளைப் பெட்டி தெரியும்.

1984-ல் வந்த மெக்கின்டாஷில் இந்தக் கதவு மூடப்பட்டது. அதைத் திறக்க நீளமான டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அது அப்போது சாதாரண வீடுகளில் இருக்காது. பவர் சப்ளையும் படக்குழாயை இயக்கும் உயர் மின்னழுத்தச் சுற்றும் ஒரே பலகையில் இருந்தன. இதிலும் மின்விசிறி கிடையாது. சூடேறிச் சூடேறி அந்தப் பலகைகள் ஏராளமாகச் செத்துப்போயின. 1992-ல் 'தி டெட் மேக் ஸ்க்ரோல்ஸ்' என்று ஒரு பழுதுபார்ப்புப் புத்தகமே வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐபிஎம் பக்கம் கதை வேறு. 1981-ல் வந்த முதல் பிசியின் பவர் சப்ளை வெறும் 63.5 வாட். 1984-ல் ஏடி மாடலுக்கு அது 192 வாட் ஆனது. மற்ற கம்பெனிகள் அதே அளவில் பெட்டி செய்ய, யாருடைய பவர் சப்ளையையும் யாருடைய கணினியிலும் மாட்டலாம் என்ற நிலை வந்தது. ஒரு ஆபத்து மட்டும் இருந்தது. மதர்போர்டில் பக்கத்துப் பக்கத்தில் செருகும் இரண்டு இணைப்பிகளை இடம் மாற்றிச் செருகினால் போர்டு காலி. கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர்ந்து இருக்கவேண்டும் என்பதை மெக்கானிக்குகள் மந்திரம் போல மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பில் இரண்டும் ஒரே இணைப்பியானதும் அந்தத் தலைவலி போனது. பச்சை ஒயரைக் கறுப்போடு இணைத்தால் பவர் சப்ளை தனியாக ஓடும். விசிறி சுற்றவே இல்லையென்றால் ஆள் அவுட் என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். (சுற்றினால் மட்டும் நல்லது என்று அர்த்தமில்லை. சுமை ஏறும்போது சுருண்டுவிடும் பவர் சப்ளைகள் உண்டு.)

இந்த ஒழுங்கிலும் ஒருவர் வாலாட்டினார். 1998 முதல் சில ஆண்டுகள் டெல் தன் கணினிகள் பலவற்றில் பார்க்க அச்சு அசல் ஏடிஎக்ஸ் போலவே இருக்கும் இணைப்பியை வைத்தது. உள்ளே ஒயர் வரிசை மட்டும் வேறு. கடையில் வாங்கிய நல்ல பவர் சப்ளையை நம்பிச் செருகியவர்களுக்குப் புகைதான் மிஞ்சியது. வேறு வடிவ இணைப்பி வைத்திருந்தாலாவது ஏமாறாமல் இருந்திருப்பார்கள்!

சரி, 2004-க்குத் திரும்புவோம். ஐமேக் ஜி5-இல் மூடி திறந்தது மட்டுமல்ல, எது கெட்டது என்று கண்டுபிடிக்கவும் வழி வைத்திருந்தார்கள். மதர்போர்டில் சின்னச் சின்ன விளக்குகள். மின்கம்பியைச் செருகியதுமே முதல் விளக்கு எரியவேண்டும். கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து சொட்டுச் சொட்டாக மின்சாரம் வருகிறது என்பதற்கு அது அடையாளம். பட்டனை அழுத்தினால் இரண்டாவது எரியவேண்டும். மூன்றாவது, வீடியோ பகுதி பேசுகிறது என்று சொல்லும். சுவர் பிளக்கில் மின்சாரம் இருந்தும் முதல் விளக்கே எரியவில்லை என்றால் சந்தேகம் நேராகப் பவர் சப்ளை மேல். மீட்டர் வேண்டாம், படிப்பும் வேண்டாம். ஆப்பிளுக்குப் போன் செய்து சொன்னால் பாகம் தபாலில் வரும், பழையதைத் திருப்பி அனுப்பவேண்டும்.

தாராள மனசு என்று நினைக்கவேண்டாம். கணினியைப் பெட்டி கட்டிச் சர்வீஸ் மையத்துக்கு வரவழைத்து, ஆளுக்குச் சம்பளம் கொடுத்துப் பழுது பார்ப்பதைவிட ஒரு பவர் சப்ளையை அனுப்புவது மலிவு. கம்பெனிக்கும் லாபம், வாங்கியவருக்கும் இரண்டு வாரக் காத்திருப்பு மிச்சம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கெடுத்தது கெபாசிட்டர்.

எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் என்பது அலுமினியத் தாளையும் காகிதத்தையும் சுருட்டி, ஒரு திரவத்தில் நனைத்து, டப்பாவில் அடைத்தது. அந்தத் திரவத்தின் கலவை சரியில்லை என்றால் உள்ளே வாயு உண்டாகி, தலைப்பக்கம் உப்பி, கடைசியில் கீறிக்கொண்டு கசியும். ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை உலகெங்கும் இப்படி மதர்போர்டுகளும் பவர் சப்ளைகளும் செத்தன. ஒரு ஜப்பானியக் கம்பெனியின் ரகசியக் கலவையை யாரோ திருடினார்கள், பாதியை மட்டும் திருடினார்கள் என்று 2002-ல் துறை இதழ்களில் செய்தி வந்தது. சினிமாக் கதை போல நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முழுதாக நிரூபணமாகவில்லை. மேலும், நல்ல பெயருள்ள ஜப்பானியக் கெபாசிட்டர்களும் அதே காலத்தில் உப்பின. டெல் 2003 முதல் 2005 வரை விற்றவற்றில் இந்த ஆபத்துள்ள கணினிகள் 1 கோடியே 18 லட்சம் என்று நீதிமன்ற ஆவணங்கள் வழியே 2010-ல் தெரிந்தது. ஒரு பல்கலைக்கழகக் கணிதத் துறை புகார் செய்தபோது, கடினமான கணக்குகளைப் போட்டு இயந்திரத்தை வாட்டிவிட்டீர்கள் என்று பதில் வந்ததாக அப்போது நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 2005-ல் டெல் இதற்காக ஒதுக்கிய தொகை சுமார் 30 கோடி டாலர். ஒரு கெபாசிட்டரின் விலை சில காசுகள்!

ஜி5 சிப் சூட்டுக்குப் பேர்போனது. அதனால்தான் அது கடைசிவரை லேப்டாப்பில் ஏறவே இல்லை. அந்தச் சூட்டை இரண்டு அங்குலத்துக்குள் அடைத்தால் கெபாசிட்டர் என்ன பாடுபடும்? வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. திரையில் கோடு, படமே வராமை, உயிரே வராமை என்று புகார்கள் குவிந்தன. சிலர் பவர் சப்ளையை மாற்றியும் பலனில்லை, ஏனென்றால் உப்பியிருந்தது மதர்போர்டில். முதல் விளக்கு எரியும், மற்றது எரியாது. 2005 ஆகஸ்டில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2004 செப்டம்பர் முதல் 2005 ஜூன் வரை விற்ற முதல் மாடல்களில் வீடியோ, மின்சாரம் இரண்டு கோளாறுகளும் அதில் அடங்கின. உத்தரவாதம் முடிந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அந்தக் காலத்தில் 1299 டாலரில் தொடங்கிய கணினி ஆயிற்றே.

அறிவிப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2005 அக்டோபர் 12 அன்று கேமரா வைத்த புதிய ஐமேக் ஜி5 வந்தது. இன்னும் ஒல்லி. மூடி பின்பக்கம் திறப்பது நின்றுபோனது. முன்பக்கச் சட்டத்தை, உள்ளே மறைந்திருக்கும் கொக்கிகளைத் தகடு விட்டு நெம்பித்தான் கழற்றவேண்டும். வாங்கியவர் தொடலாம் என்று விட்டது நினைவகத்துக்கான சின்னக் கதவை மட்டுமே. கோளாறுகளுக்குப் பயந்துதான் மூடினார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. புதிய மாடலின் வடிவமைப்பு அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஒல்லியாக்கும் ஆசைதான் காரணமாக இருக்கவேண்டும். திறந்த கதவு ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்தது.

2021-ல் வந்த எம்1 ஐமேக்கில் பவர் சப்ளை பெட்டியை விட்டே வெளியே போய்விட்டது, லேப்டாப் சார்ஜர் போல. அது செத்தால் வேறொன்றை வாங்கிச் செருகினால் போதும், ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். மற்ற எதையும் தொடுவதற்கு மட்டும் ஒட்டியிருக்கும் கண்ணாடித் திரையைப் பெயர்க்கவேண்டும்.

பழைய கணினி சேகரிப்பவர்கள் கையில் 2004 மாடல் ஐமேக் ஜி5 கிடைத்தால் பிளக்கைச் செருகுவதற்கு முன்பே அந்த மூன்று திருகுகளைத் தளர்த்திவிடுகிறார்கள். முதலில் பார்ப்பது கெபாசிட்டர்களின் தலையைத்தான், தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று.