கரையிலிருந்து வந்தவர்கள்

ஹட்டன் கடைவீதியில் என் பாட்டனாருக்கு ஒரு புடவைக் கடை இருந்தது. தோட்டத்துச் சனங்கள் அதைப் 'பாய் கடை' என்பார்கள். சிங்கள வாடிக்கையாளருக்கு அவர் 'தம்பி முதலாளி'. அரசாங்கப் பதிவிலோ 'இந்தியச் சோனகர்'. "இதுல எது நம்ம பேரு?" என்று சிறுவயதில் வாப்பாவிடம் கேட்டேன். "எதுவும் நாம வச்ச பேரில்லடா" என்றார்.

வந்த வணிகனுக்கு வாங்குகிற ஊர்தான் பெயர் வைக்கிறது. இடைக்கால இங்கிலாந்துக்கு பால்டிக் கரையிலிருந்து வந்த ஜெர்மானிய வணிகரை அங்குள்ளோர் 'ஈஸ்டர்லிங்' என்றார்கள். கிழக்கத்தியார் என்று பொருள். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 'ஸ்டீல்யார்ட்' என்ற பண்டகசாலை அவர்களுக்கு இருந்தது. தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்தும் அவர்கள் அந்நியராகவே எண்ணப்பட்டார்கள். 1598இல் எலிசபெத் அரசி அந்த இடத்தை மூடிவிட்டார்.

நம் பெயர்களும் இப்படித்தான். சங்க இலக்கியம் கிரேக்கரையும் ரோமரையும் குறித்த 'யவனர்' என்ற சொல்லின் வழியில் வந்ததே 'சோனகர்'. பின்னர் அது அரபு வணிகருக்கு ஆயிற்று. 1505இல் வந்த போர்த்துக்கேயர், வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு வழங்கிய 'மூர்' என்ற பெயரை நமக்கும் சூட்டினார்கள். சிங்களவர் 'மரக்கல மினிஸ்ஸு', கப்பல்காரர், என்றார்கள்.

மலையகத்தில் வேறொரு சொல் ஆட்சி செய்தது: 'கோஸ்ட்'. தென்னிந்தியக் கரையை ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள். ஆள் திரட்டக் கங்காணிக்குத் துரைமார் கொடுத்த முன்பணம் 'கோஸ்ட் அட்வான்ஸ்'. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வந்த வணிகர் 'கோஸ்ட் மூர்', அதாவது கரையோரச் சோனகர். கொழுந்து பறித்தவளும் அவளுக்குக் கடனுக்குச் சேலை கொடுத்தவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கினார்கள்.

1911 குடிசன மதிப்பீடு இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணியது. கம்பளையில் பள்ளிவாசல் முன்னால் பெரஹரா மேளம் அடிப்பது பற்றிய வழக்கில் கரையோரச் சோனகரே ஒரு தரப்பு. 1915 மே இறுதியில் கண்டியில் கலவரம் மூண்டபோது முதல் கோபம் அவர்கள் மீது பாய்ந்தது. பிறகு எந்தச் சோனகர் என்று யாரும் பார்க்கவில்லை.

அதுவரை அடையாளமாக இருந்த சொல், 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் தீர்ப்பாக மாறியது. 1949 சட்டப்படி விண்ணப்பித்தால், திருமணமானவர் ஏழாண்டுத் தொடர் குடியிருப்பை நிரூபிக்க வேண்டியிருந்தது. பாட்டனாரும் விண்ணப்பித்தார். தாயாரின் மவுத்துக்கு ஊர்போய் அங்கே தங்கிய மாதங்களை அதிகாரி எண்ணினார். கடையில் நின்ற வருடங்களை எண்ணவில்லை. மனு தள்ளுபடியானது. பாட்டனார் ஊர் திரும்பினார். வாப்பா இங்கே மணம் முடித்து, பின்னாளில் பதிவுப் பிரஜையானார்.

பாட்டனாரின் பற்றுவரவுப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளே தோட்டத்து மக்களின் பெயரும் லயமும் பாக்கியும். அவர்களிலும் பலருக்கு இந்த நாடு 'இல்லை' என்றே சொல்லியிருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் இப்படியொரு புத்தகம் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நாம் இங்கே வாழ்ந்ததற்கு நம் கையாலேயே எழுதிய சாட்சி அதுதான். முதல் பக்கத்தில் பாட்டனார் தம் பெயருக்குக் கீழே மூரென்றோ இந்தியரென்றோ எழுதவில்லை. 'ஹட்டன் கடைக்காரர்' என்று எழுதியிருக்கிறார்.