பி2 கார்டு

பி2 கார்டு என்பது தொழில்முறை வீடியோ கேமராக்களில் டேப்பின் இடத்தைப் பிடிப்பதற்கென்றே ஜப்பானின் பானாசோனிக் நிறுவனம் 2004இல் சந்தைக்குக் கொண்டுவந்த மெமரி கார்டு. ‘புரொஃபஷனல் பிளக்-இன்’ என்பதன் சுருக்கம் பி2. முதலில் செய்திப் படப்பிடிப்பை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட இது, பிறகு ஆவணப்படம், குறும்படம் எடுப்பவர்களிடமும் பரவியது.

டேப் இல்லாத கேமரா இதற்கு முன்பே வந்துவிட்டது. இக்கெகாமி, ஆவிட் நிறுவனங்கள் 1995இல் காட்டிய எடிட்கேம், கழற்றி மாட்டும் ஹார்டு டிஸ்கில் பதிந்தது. 2003இல் சோனி தன் எக்ஸ்டிகேம் வரிசைக்கு நீல லேசர் வட்டைத் தேர்ந்தெடுத்தது; ஒரு வட்டின் கொள்ளளவு 23.3 ஜிபி. இரண்டிலுமே சுழலும் பாகம் உண்டு. அதிர்வு, தூசி, ஈரம் எல்லாம் செய்திக் கேமராவின் அன்றாடம் என்பதால் அந்தப் பாகமே வேண்டாம் என்று பானாசோனிக் முடிவெடுத்தது. அதற்கு வசதியும் இருந்தது. டோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் மெமரியை வைத்து, டோஷிபா, சான்டிஸ்க் நிறுவனங்களோடு சேர்ந்து 1999இல் எஸ்டி கார்டை அறிவித்ததே பானாசோனிக்தான். அப்போது அதன் பெயர் மட்சுஷிட்டா.

பி2 கார்டின் உலோகக் கூட்டுக்குள் இருந்தவையும் எஸ்டி கார்டுகள்தான்: நான்கு கார்டுகளும் அவற்றை ஆளும் ஒரு சில்லும். வரும் தரவை அந்தச் சில்லு நாலாகப் பிரித்து நான்கிலும் ஒரே நேரத்தில் எழுதும். தனி எஸ்டி கார்டால் அன்று எட்ட முடியாத வேகம், நொடிக்கு 640 மெகாபிட் வரை, இப்படித்தான் கிடைத்தது. வெளி அளவு, அக்கால லேப்டாப்புகளில் இருந்த பிசி கார்டு அளவேதான். கேமராவிலிருந்து உருவி லேப்டாப்பில் செருகினால் எடிட்டிங்கை அங்கேயே தொடங்கலாம். டேப்பை முழுக்க ஓடவிட்டு கணினிக்குள் ஏற்றும் வேலை ஒழிந்தது.

சிக்கல் கொள்ளளவில் இருந்தது. நொடிக்கு 100 மெகாபிட் பதியும் டிவிசிபுரோ எச்டி பதிவு முறையில் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒரு ஜிபி போய்விடும். ஆக, 4 ஜிபி கார்டில் 4 நிமிடம். சாதாரணத் தரத்தில் 25 மெகாபிட் என்றால் 16 நிமிடம். 2004இல் வந்த ஏஜே-எஸ்பிஎக்ஸ்800 கேமராவில் ஐந்து கார்டுகளுக்கு இடம் வைத்தது இதனால்தான். ஒன்று நிரம்பியதும் பதிவு அடுத்ததற்குத் தானாகத் தாவும். படப்பிடிப்பை நிறுத்தாமலே நிரம்பியதை உருவிக்கொள்ளலாம். பதிவுப் பொத்தானை அழுத்துவதற்குச் சில நொடிகள் முன்பிருந்தே படத்தைச் சேமித்துத் தரும் வசதியும் இருந்தது. கதவு திறந்ததும் ஓடிவரும் அமைச்சரைக் காத்திருந்து எடுப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2005இல் வந்த ஏஜி-எச்விஎக்ஸ்200 இந்தக் கார்டைச் சிறு தயாரிப்பாளர்களிடம் கொண்டுபோனது. அதில் மினி டிவி டேப்பும் உண்டு; ஆனால் எச்டி வேண்டுமென்றால் கார்டில்தான் பதிய முடியும். கார்டின் விலையோ கேமரா வாங்கியவரையே மலைக்க வைத்தது. டேப் மாதிரி பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்க முடியாது. இரண்டோ மூன்றோ கார்டுகளைத்தான் திரும்பத் திரும்ப அழித்துப் பயன்படுத்த வேண்டும். கார்டு கொண்டுவந்த மாற்றங்களில் மிகப் பெரியது இதுதான் என்று சொல்லலாம். டேப், பதிவுக்கும் அதுவே, பாதுகாப்புக்கும் அதுவே. கார்டில் எடுத்ததோ அன்று மாலைக்குள் வேறெங்காவது நகலாகியாக வேண்டும். படப்பிடிப்புத் தளத்தில் லேப்டாப்பும் ஹார்டு டிஸ்குமாக உட்கார்ந்து ‘டம்ப்’ எடுப்பதற்கென்றே ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த வேலையில் பொறிகளும் உண்டு. பி2 பதிவில் படம் தனிக் கோப்பு, ஒலியின் ஒவ்வொரு தடமும் தனிக் கோப்பு. இவற்றைக் கோத்துச் சொல்லும் விவரக் கோப்பு இன்னொன்று. எல்லாம் ‘காண்டென்ட்ஸ்’ என்ற ஒரே ஃபோல்டருக்குள் இருக்கும். படக் கோப்பை மட்டும் இழுத்துப் போட்டால் ஊமைப்படம்தான் மிஞ்சும். ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து, திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகுதான் கார்டை அழிக்கலாம். இப்படிச் சேர்ந்த கோப்புகளை நீண்ட காலம் காக்கப் பல தொலைக்காட்சி நிலையங்கள் எல்டிஓ என்ற தரவு டேப்பையே நாடின. கேமராவை விட்டுப் போன காந்த நாடா, காப்பக அறையில் தங்கிவிட்டது.

கார்டின் கொள்ளளவு படிப்படியாக இரட்டித்து 64 ஜிபியை எட்டியது. 2007இல் வந்த ஏவிசி-இன்ட்ரா முறை, அதே 100 மெகாபிட்டில் 10-பிட் படத்தைத் தந்தது. அதே ஆண்டு சோனியும் சான்டிஸ்க்குடன் சேர்ந்து எஸ்எக்ஸ்எஸ் கார்டை அறிவித்தது. 2010இல் வந்த ஆரி அலெக்ஸா சினிமா கேமராவும் எஸ்எக்ஸ்எஸ்ஸில் பதிந்தது. 2011 மார்ச் சுனாமி ஜப்பானின் தகாஜோவிலிருந்த சோனியின் டேப் ஆலையை முடக்கியதில் எச்டிகேம் எஸ்ஆர் டேப்புக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. தயங்கி நின்றவர்களும் கோப்பு முறைக்கு நகர்ந்தார்கள்.

ஆனால் பி2 நிலைக்கவில்லை. அது சாய்ந்ததற்கு, அதற்குக் கைகொடுத்த லேப்டாப்பும் ஒரு காரணம். 2006 தொடக்கத்தில் ஆப்பிள் வெளியிட்ட மேக்புக் புரோவில் பிசி கார்டு துளையே இல்லை. மற்ற நிறுவனங்களும் அதைக் கைவிட, தனி ரீடர் வாங்க வேண்டியதாயிற்று. எஸ்எக்ஸ்எஸ் நம்பியிருந்த எக்ஸ்பிரஸ்கார்டு துளைக்கும் சில ஆண்டுகளில் அதே கதி. அதற்குள் எஸ்டி கார்டு தனியாகவே போதிய வேகம் பெற்றுவிட்டது. பானாசோனிக் 2013இல் எஸ்டி வடிவிலேயே மைக்ரோபி2வைக் கொண்டுவந்தது; அடுத்த ஆண்டு வந்த வேரிகேம் 35 கேமராவுக்காக எக்ஸ்பிரஸ்பி2 என்ற வேறொரு கார்டும் வந்தது. பழைய பி2 கார்டைப் படிக்க வேண்டுமானால் இன்று அதற்குரிய ரீடர் வேண்டும், அல்லது அந்தத் துளை உள்ள பழைய லேப்டாப் வேண்டும்.