மணல் திட்டு போனால் ஆமையும் போகும்: சம்பல் ஆற்றில் என்ன சிக்கல்?

கங்கைச் சமவெளி ஆறுகளில் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது செந்தலை ஆமை. இன்று ஓரளவு எண்ணிக்கையில் மிஞ்சியிருப்பது சம்பலில்தான். பெண் ஆமையின் ஓடு அரை மீட்டரைத் தாண்டும். ஆண் அதில் பாதிதான். ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையில் சிவப்பும் நீலமும் பளிச்சென்று தெரியும்.

ஏன் சம்பல்? யமுனையில் கலக்கும் இந்த ஆறு, ராஜஸ்தானின் கோட்டாவைத் தாண்டியதும் மண் அரித்த பெரும் பள்ளங்களுக்கு நடுவே ஓடுகிறது. கரையில் பெரிய நகரங்கள் குறைவு. திரௌபதி சபித்த ஆறு என்ற நம்பிக்கையும் மக்களைத் தள்ளியே வைத்தது. ஆமைக்கு அது வரம்!

ஒரே ஆறுதான் என்றாலும் ஒவ்வொரு ஆமைக்கும் இடம் வேறு. பால் ஆமை குளம், வாய்க்கால் என எங்கேயும் பிழைத்துக்கொள்ளும். சித்ரா என்ற மென்மையான ஓடுள்ள ஆமை, ஆற்றடி மணலில் புதைந்து மீனுக்காகக் காத்திருக்கும். செந்தலை ஆமைக்கோ ஆழமான, ஓடும் நீர் வேணும். முட்டையிட உயரமான மணல் திட்டும் வேணும். மார்ச், ஏப்ரலில் இட்ட முட்டை பொரிய மே மாதம் ஆகிவிடும்.

சிக்கலே இங்கேதான். கோடையில் திட்டு வெளியே தெரியும் அதே நேரத்தில்தான் மணல் அள்ளும் டிராக்டர்களும் இறங்குகின்றன. சரணாலயப் பகுதியில் தடை இருந்தும் திருட்டு நிற்கவில்லை. மேலே அணையில் திடீரெனத் தண்ணீர் திறந்தால் முட்டைகள் மூழ்கிவிடும். மிச்சத்தை நரி தோண்டித் தின்னும். அதனால் முட்டைகளைச் சேகரித்து, கரையோரப் பொரிப்பகங்களில் மணலுக்குள் வைத்துக் காத்து, குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள்.